நாற்பத்தேழாம் நம்பர் படிவம்

மருந்துக்கடையில் ஒன்பது வருடம் நின்றவனுக்கு ஒரு கர்வம் இருந்தது. எந்த டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுவான். எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்தது போன்ற சீட்டைக்கூட வெளிச்சத்தில் ஒரு தரம் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சரியான மாத்திரையை எடுத்து வைப்பான். படிக்க முடியவில்லை என்றால் டாக்டருக்குப் போன் போடுவான். டாக்டர் எடுக்கவில்லை என்றால், முதலாளி எவ்வளவு முறைத்தாலும் சரி, வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுவான். "ஊகிச்சு மருந்து குடுக்கறவன் கடையில நிக்கவே கூடாது" என்று புதிதாக வேலைக்கு வந்தவர்களை அவன் வறுத்தெடுப்பது எதிர்க்கடை வரைக்கும் கேட்கும்.

அப்படிப்பட்ட உத்தமன்தான் முன்பின் தெரியாத பெண்களின் மனதை ஊகித்து எழுதினான். அதுவும் சொந்த மனைவியின் பிஎச்.டி. ஆராய்ச்சிக்கு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது, "நீ போய்ப் படி, பசங்களை நான் பார்த்துக்கறேன்" என்று மார்தட்டிச் சொன்னது அவனேதான். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. மூத்தவளுக்கு அப்போது மூன்று வயது, இளையவன் தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. அவனுடைய அக்கா போனில், "ஏன்டா, வேலையை விட்டுட்டு வீட்ல பால் பாட்டில் கழுவப் போறியா?" என்று கேட்டதற்கு, "மருந்து கலக்கத் தெரிஞ்சவனுக்குப் பால் கலக்கத் தெரியாதாக்கா?" என்று மடக்கினான். அந்தப் பதிலை நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறான். இப்போது அக்கா போன் செய்தால் அவன் எடுப்பதில்லை.

மூத்தவளுக்கு வீட்டில் மேனேஜர் என்று பெயர். யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும், எந்தச் செருப்பு எதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அப்பா எத்தனை மணிக்கு முகம் கழுவ வேண்டும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. இளையவன் உருண்டை. மூடியிருப்பதைத் திறப்பது, திறந்திருப்பதைக் கவிழ்ப்பது, இந்த இரண்டுதான் அவனுடைய தொழில். மூத்தவளையே இன்னும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. இருவருக்கும் நடுவில் காலை எட்டு மணியிலிருந்து பொழுது சாய்கிற வரை இவன் ஒருத்தன். கடையில் ஒரே நேரத்தில் இருபது பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அப்போதுகூட அவனுக்குத் தலை சுற்றியதில்லை.

அந்த வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது ஒரே ஓர் இடத்துக்குத்தான். பாத்ரூமுக்கு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் விழ விட்டு, முக்காலியில் உட்கார்ந்துவிடுவான். குளிப்பதும் இல்லை, துவைப்பதும் இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பான். ஆரம்பத்தில் ஐந்து நிமிடம், அப்புறம் பத்து, கடைசியில் இருபது. வெளியிலிருந்து உருண்டை இரண்டு உள்ளங்கையாலும் கதவைத் தட்டி, "ப்பா, இருக்கியா?" என்பான். இவன் பதில் சொல்ல மாட்டான். மூச்சைக்கூட மெதுவாக விடுவான். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் வந்து, "அப்பா இல்ல போலடா, வா" என்று தம்பியை இழுத்துக்கொண்டு போவாள். அந்தக் காலடிச் சத்தம் தள்ளிப் போகப்போக அவனுக்கு நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதியை நினைத்தால் பிறகு வெட்கம் பிடுங்கித் தின்னும். ஆனாலும் மறுநாளும் போவான்.

மனைவியின் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று கேட்டால் சிரிப்பீர்கள். பகல் முழுக்கச் சின்னக் குழந்தைகளோடு வீட்டில் தனியாக இருக்கும் தாய்மார்களைப் பற்றி. தடுப்பூசி போடும் இடத்தில் காத்திருந்து, வருகிற தாய்மார்களிடம் நாலு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்து, ஒட்டிய உறையில் திரும்ப வாங்குவாள். பெயர் கிடையாது, நம்பர் மட்டும். மூன்று பக்கம் டிக் அடிக்கிற வேலை. நான்காம் பக்கத்தில் ஒரே கேள்வி: 'இதுவரை யாரிடமும் சொல்லாதது ஏதாவது இருந்தால் இங்கே எழுதுங்கள்.' இதற்காக அவள் ஊரெல்லாம் அலைந்தாள். தன் வீட்டில் ஒரு ஆள் அதே மாதிரி உட்கார்ந்திருப்பது அவள் கண்ணில் படவில்லை. அவன் தாய் இல்லையே, படிவத்தில் அவனுக்கு ஏது இடம்?

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, "என்னங்க, மேஜை மேல இருக்கற படிவக் கட்டைத் தூக்கி அலமாரி மேல வெச்சிடுங்க. நாற்பத்தொண்ணுலருந்து ஐம்பத்தொண்ணு வரைக்கும் உறையைப் பிரிச்சு நம்பர் மட்டும்தான் போட்டிருக்கேன். இன்னும் படிக்கக்கூட இல்ல" என்றாள்.

"வெச்சிடறேன், நீ கிளம்பு" என்றான். வைக்கவில்லை.

அன்று மத்தியானம் பாத்ரூமிலிருந்து வெளியே வந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சத்தம் இல்லை என்றால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். பால்கனிக்கு ஓடினான். துணி காயப்போடும் கொடியில் வரிசையாகக் கிளிப் மாட்டி, படிவங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் சொட்டியது. மேனேஜர் முழங்கை வரை நுரையோடு நின்றாள்.

"உருண்டை இருமல் மருந்தைக் கொட்டிட்டான்ப்பா. ஒரே பிசுபிசுன்னு ஆயிடுச்சு. நான் சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். மூணு தடவை அலசினேன்."

பெருமையாக நிமிர்ந்து நிற்கும் ஐந்து வயதுக் குழந்தையை என்ன சொல்லித் திட்டுவது?

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே, கண்ணு?"

"கூப்பிட்டேனே. நீதான் இல்லையே" என்றாள் மேனேஜர்.

தடித்த மார்க்கரில் எழுதிய நம்பர்கள் மட்டும் தப்பியிருந்தன. மற்றதெல்லாம் நீலக் கறை. உடனே மனைவிக்குப் போன் செய்திருக்க வேண்டும். போன் கையிலேயே இருந்தது. அவள் அழுவாள், திட்டுவாள், அதெல்லாம் அவனுக்குப் பயம் இல்லை. அழுது முடித்ததும் ஒரு கேள்வி கேட்பாள்: 'நீங்க எங்க இருந்தீங்க?' அந்த ஒரு கேள்விக்குத்தான் அவனிடம் பதில் இல்லை. போனைச் சட்டைப்பையில் போட்டான். அவன் கோட்டை விட்டது அங்கேதான்.

வெற்றுப் படிவங்கள் வீட்டில் கட்டுக்கட்டாக இருந்தன. அன்றும் மறுநாளும் பிள்ளைகள் தூங்கிய மத்தியான நேரத்தில், ஈரத்தாள்களை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்து வெளிச்சத்தில் படித்தான். நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும் எப்படியோ தேறிவிட்டன. இருந்ததை இருந்தபடியே எழுதினான். நாற்பத்துமூன்றில் ஒன்றுமே புரியவில்லை. பேனா அந்தரத்தில் நின்றது. போன் போட்டுக் கேட்க இங்கே டாக்டர் யாரும் இல்லை. திருப்பி அனுப்பவும் வழி இல்லை. ஒரு டிக் போட்டான். முதல் டிக்குக்குத்தான் அவ்வளவு நேரம் பிடித்தது.

அப்புறம் நடந்ததுதான் அசிங்கம். வேலை அவனுக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு படிவத்துக்கு நீலப் பேனா, இன்னொன்றுக்குக் கறுப்பு. ஒன்றில் எழுத்து வலப்பக்கம் சாய்ந்தது, இன்னொன்றில் முத்து முத்தாக நின்றது. இரண்டு வருடமாகப் பூட்டி வைத்திருந்த திறமைக்கு வேலை கிடைத்த குஷியில் மெல்ல விசிலடித்துக்கூட இருக்கிறான். நான்காம் பக்கத்துக்கு ஒருத்திக்குத் தூக்கம் இல்லை என்று எழுதினான், ஒருத்திக்கு மாமியார் தொல்லை கொடுத்தான். நாற்பத்தேழுக்கு வரும்போது கற்பனை வற்றிவிட்டது. இடது கையால் பேனாவைப் பிடித்து, யோசிக்காமல் எழுதினான்:

'தினமும் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்காருகிறேன். தண்ணீரைத் திறந்துவிட்டால் வேலையாக இருப்பதாக நினைப்பார்கள். சின்னது வந்து கதவைத் தட்டி, இருக்கியா என்று கேட்கும். நான் பதில் சொல்வதில்லை. என் பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் இல்லை என்று அவர்கள் நம்பிப் போகும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இதை வெளியே சொல்ல எனக்கு முகம் இல்லை.'

திரும்பப் படித்துப் பார்க்கவில்லை. கட்டோடு வைத்து, கட்டை அலமாரி மேல் ஏற்றினான். செவ்வாய்க்கிழமை செய்திருக்க வேண்டிய வேலையைப் புதன்கிழமை செய்தான்.

மிச்சம் இருந்தது மேனேஜர். அவளை மடியில் உட்கார வைத்து, "அந்தப் பேப்பர் விஷயம் அம்மாகிட்ட சொல்ல வேண்டாம், என்ன? அப்பா வேற எழுதி வெச்சிட்டேன்" என்றான்.

"பொய் சொல்லணுமா?"

"பொய் இல்லம்மா. சும்மா சொல்லாம இருக்கறது."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று குழந்தை கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, புது ஆபீஸ் விதி ஒன்றைக் குறித்துக்கொள்கிற மாதிரி தலையாட்டினாள். அவள் முகத்தை அவனால் நேராகப் பார்க்க முடியவில்லை.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு சாயங்காலம் மனைவி பையைக்கூட இறக்கி வைக்காமல் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. அவன் திரும்பி நின்று பாட்டில் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, இதைக் கேளுங்களேன். நாற்பத்தேழுன்னு ஒரு அம்மா எழுதியிருக்காங்க" என்று அவள் படித்தாள். 'நான் இல்லை என்று அவர்கள் நம்பிப் போகும்போது' என்ற இடத்தில் குரல் உடைந்தது. "பாவம்ங்க. இந்தம்மாவோட புருஷன் எங்கதான் போய்த் தொலைஞ்சான்? சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு தடவை மூஞ்சியைப் பார்த்தா தெரியாது? அவன்லாம் என்ன மனுஷன்?"

அவன் கழுவிய பாட்டிலையே மறுபடி கழுவினான். மனைவி தனக்காக இப்படி அழுது அவன் பார்த்ததில்லை. அந்த முகம் தெரியாத பெண்மேல் அவனுக்குப் பொறாமை வந்தது. இல்லாத ஒரு பொம்பளையைப் பார்த்துப் பொறாமைப்படும் அளவுக்குத் தன் நிலைமை வந்துவிட்டதே என்று கூசியது.

"எங்க கைடு மேடமே ஆடிப் போயிட்டாங்க. இதைத்தான் ஆராய்ச்சிக்கு நடுநாயகமா வைக்கணும்கறாங்க. திங்கக்கிழமை கமிட்டி முன்னால பேசறேன்ல, அதுல இதைப் படிக்கப் போறேன். அப்புறம் தடுப்பூசி போடற இடத்துல ஒரு நோட்டீஸ் ஒட்டி, இந்தம்மாவைத் தேடிப் பார்க்கலாம்னு இருக்கோம்."

"பேரு வேணாம்னு சொல்லித்தானே எழுதி வாங்கின? அப்புறம் தேடறது தப்பில்லையா?" என்றான் அவன், முதுகைக் காட்டியபடியே.

அவள் பையை இறக்கி வைத்தாள். பிறகு, "எவ்வளவு தூரம் யோசிக்கறீங்க! எனக்கு இது தோணவே இல்ல பாருங்க" என்று அவன் தோளில் கை வைத்தாள். அந்தக் கையைத் தட்டிவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது அவனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை. முன்னறையில் அவள் சுவரைப் பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். சமையலறையில் இருந்த அவனுக்குப் பால்கனியிலிருந்து உருண்டையின் விசும்பல் கேட்டது. எட்டிப் பார்த்தான். மனைவி நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகம் ஒன்று தரையில் கிடந்தது. ஒரு பக்கம் பாதியாகக் கிழிந்து உருண்டையின் கையில் இருந்தது. மேனேஜர் தம்பி முன்னால் குந்தியிருந்தாள்.

"அழாதடா. அம்மாகிட்ட சொல்லக் கூடாது. அப்பா வேற எழுதிக் குடுத்துடுவாரு. அம்மாவுக்குத் தெரியவே தெரியாது."

"பொய்யா?" என்றான் உருண்டை.

"பொய் இல்ல. சும்மா சொல்லாம இருக்கறது."

அதே வார்த்தை. அதே தணிந்த குரல். கிழிந்த பக்கத்தை வாங்கி நாலாக மடித்துப் பூந்தொட்டிக்கு அடியில் செருகினாள் அவன் மகள். இவ்வளவு நேர்த்தியாக மறைக்க அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவன் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அடுப்பை அணைத்தான். நேராக முன்னறைக்குப் போனான்.

"நாளைக்கு அதைப் படிக்காத" என்றான்.

"எதை?"

"நாற்பத்தேழை. அந்தம்மா இல்ல. நான்தான் எழுதினேன்."

அவள் சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. இருமல் மருந்து, சோப்பு, கொடி, ஜன்னல், இடது கை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். பூசி மெழுகவில்லை. அவள் கட்டைப் பிரித்து, பதினோரு படிவங்களையும் உருவித் தரையில் பரப்பினாள். வரிசை தப்பவில்லை.

"இதுல எது நிஜம்?"

"முதல் ரெண்டும் அவங்க எழுதினதுதான். மத்த ஒன்பதும் என்னோடது."

"நீங்க வேற வேற கையெழுத்துல எழுதியிருக்கீங்க." அவள் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "உக்காந்து, பொறுமையா, வேற வேற கையெழுத்துல. என் பேரு என்னாகும்னு ஒரு நிமிஷம்கூடத் தோணலையா உங்களுக்கு?"

அவன் தலை நிமிரவில்லை.

"சரி, அதுங்க கழுவற வரைக்கும் நீங்க எங்க இருந்தீங்க?"

அந்தக் கேள்வி கடைசியில் வந்தேவிட்டது. குனிந்து, தரையில் கிடந்த நாற்பத்தேழை எடுத்து அவளிடம் நீட்டினான்.

அவள் வாங்கினாள். இரண்டாவது வரிக்கு மேல் போகவில்லை. அவளுக்குத்தான் அது மனப்பாடம் ஆயிற்றே. அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு மாசமா இதைப் பையிலயே வெச்சுக்கிட்டுத் திரியறேன். அந்த ஆளை நான் அவ்வளவு திட்டினப்போ நீங்க பாட்டில் கழுவிட்டு இருந்தீங்க" என்றாள்.

பிறகு எழுந்து, பதினொன்றையும் பொறுக்கி அடுக்கி, மறுநாள் கைடு மேடத்திடம் காட்டப் பையில் வைத்தாள்.

திங்கட்கிழமை நாலு பேருமாகப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். அவனைக் கூப்பிட்டது யாரும் இல்லை, அவனாகத்தான் கிளம்பினான். கைடு மேடத்தின் அறை வாசல் பெஞ்சில் ஒரு பக்கம் மேனேஜர், ஒரு பக்கம் உருண்டை, நடுவில் அவன். உள்ளே மனைவி பேசும் சத்தம் கேட்டது. எதையும் மறைக்கவில்லை, அவன்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கவும் இல்லை. "வீட்ல வெச்சது என் தப்பு மேடம்" என்று அவள் சொன்னபோது அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கதவு திறந்தது. கண்ணாடி போட்ட, நரைத்த அம்மாள் ஒருவர் வந்து நின்றார். அவன் எழுந்து நின்றான்.

"நான்தான் கழுவினேன். அப்பா எழுதினாரு" என்றாள் மேனேஜர் தெளிவாக. போகிற வருகிற மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மருந்துக்கடையில இருந்தீங்களாமே?" என்றார் கைடு மேடம்.

"ஆமாங்க மேடம். ஒன்பது வருஷம்."

"ஊகிச்சு யாருக்காவது மருந்து குடுத்திருக்கீங்களா?"

"இல்லைங்க மேடம்."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கையில் இருந்த நாற்பத்தேழாம் படிவத்தை அவனிடம் கொடுத்து, "இது எங்க ஆராய்ச்சியில சேராது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கமிட்டி முன்னால் பேசுவது தள்ளிப் போயிற்று, அவர்களுக்குக் கடிதம் எழுத வேண்டும், அவன் பார்த்து எழுதிய முதல் இரண்டும் செல்லாது, புதிதாகப் பதினோரு பேரைத் தேட வேண்டும், படிப்பு இன்னும் ஆறு மாதம் இழுக்கும். இதையெல்லாம் பஸ்ஸில் மனைவி ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். அவன் கூனிக் குறுகிக் கேட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் கால் தானாக அங்கேதான் போயிற்று. தாழ்ப்பாள், குழாய், முக்காலி. நாலாக மடித்த நாற்பத்தேழு சட்டைப்பையில் குத்தியது. தண்ணீர் வாளி நிரம்பி வழிந்தது. எந்த முகத்தோடு வெளியே போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

கதவு தட்டப்பட்டது. உள்ளங்கைச் சத்தம் இல்லை. ஒற்றை விரல் கணுவின் சத்தம்.

"இருக்கீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

பழக்கம் விடவில்லை. அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். அவள் போகட்டும் என்று காத்திருந்தான். காலடிச் சத்தம் தள்ளிப் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் புடவை உரசி, அவள் தரையில் உட்காரும் சத்தம்தான் கேட்டது.

"எனக்குக் கோவம் இன்னும் போகல. எப்போ போகும்னும் தெரியல. வெளிய வாங்கன்னு சொல்லல. இருக்கீங்களான்னுதான் கேட்டேன்."

அவன் கை நீட்டிக் குழாயை மூடினான். வீடே நிசப்தமாயிற்று.

"இருக்கேன்" என்றான். அது சரியாகக் கேட்டிருக்காதோ என்று, இன்னொரு தடவை உரக்கச் சொன்னான்: "இருக்கேன்."

வெளியே குட்டிக் கால்கள் ஓடி வந்து நின்றன. மேனேஜர் தம்பியிடம் சொல்வது அவனுக்குக் கேட்டது.

"டேய், அப்பா இருக்காராம்டா."